ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தவர்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, நான் பெருமையோடு எடுத்துக் காட்டிய ஜாடியை அவர் தலைகீழாகக் கவிழ்த்தார். என் மனைவி சுமதி அதற்குள் போட்டு வைத்திருந்த ரப்பர் பேண்டுகளும் பழைய சாவிகளும் சோபாவில் கொட்டின. "சாரி" என்றார், ஜாடியின் அடியிலிருந்து கண்ணை எடுக்காமல். கழுத்தில் தொங்கிய சின்ன டார்ச்சை அடித்து, அடிப்பாகத்தை விரலால் தடவி, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். அதற்கப்புறம்தான் ஜாடியை நிமிர்த்தி அதன் முகத்தைப் பார்த்தார். மேல்பக்கத்தை எல்லோரும் துடைத்து வைத்துவிடுகிறார்கள், அடிப்பக்கத்தை யாரும் தயார் செய்து வைப்பதில்லை என்பது அவர் கட்சி.

மந்தைவெளியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் அந்தப் பெண்மணி வாடகைக்கு இருந்தார். இரண்டே வருடம். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வேலை பார்த்தார். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்து சென்னை வீடுகளின் பரணில் கிடக்கும் சாமான்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி அறுபது எழுபது படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவார். அங்கே அது விரலால் தள்ளினால் சுழலும். பினாங்கில் ஒரு வீட்டிலிருக்கும் அரக்குப் பெட்டியும் ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டிலிருக்கும் அரக்குப் பெட்டியும் ஒரே திரையில் அக்காள் தங்கை மாதிரி நிற்கும். வெற்றிலைப் பெட்டி, பீங்கான் கோப்பை, கொலுவில் வைக்கும் ஜப்பான் பொம்மை, எதுவானாலும் சரி. "ஆசியாவுல ஒருத்தர் வீட்டுச் சாமான் இன்னொருத்தர் வீட்லதான் சார் இருக்கு" என்றார் ஒருநாள். அவர் ஆதாரம் காட்டாமல் சொல்லி நான் கேட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

மற்ற எதற்கும் அவருக்கு ஆதாரம் வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு தாள். பொருளின் பெயர், அளவு, எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னக் கட்டங்கள். ஒன்றில் சொன்னவர் யார் என்று எழுத வேண்டும். இன்னொன்றில் மூன்றில் ஒரு வார்த்தை: கண்டது, கேட்டது, ஊகம். எதுவும் தெரியாவிட்டால் காலியாக விட வேண்டும். காலிக் கட்டத்தின்மேல் அவருக்கு இருந்த மரியாதை வேறு எதன்மீதும் இருந்ததில்லை.

அன்று என் ஜாடியின் கதையை நான் சொன்னேன். பல கல்யாணங்களில் சொல்லிப் பழகிய கதை. யுத்த காலத்தில் என் தாத்தாவின் அப்பா ரங்கூனிலிருந்து காடு மேடெல்லாம் நடந்தே வந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒரு ஜாடியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வழக்கமாக இந்த இடத்தில் கேட்பவர்கள் 'அப்பா' என்பார்கள். அவர் ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தார்.

"இதைத் தூக்கிட்டா?"

"ஆமாம் மேடம்."

"யாரு சொன்னாங்க?"

"எங்கப்பா."

"அவருக்கு?"

அப்பாவுக்கு யார் சொன்னது என்று நான் கேட்டதே இல்லை. அவர் தாளில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'குடும்பத்தார் கூற்று. உறுதி செய்யப்படவில்லை.'

பொய் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அவர் பொய் என்று சொல்லவில்லை. "எங்க செஞ்சதுன்னு எனக்கும் தெரியல சார்" என்று சொல்லிவிட்டு, ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி ஜாடியில் போட்டார்.

பிறகு விஷயம் இன்னும் மோசமாயிற்று. எங்கள் அடுக்ககத்தில் மேலும் மூன்று வீடுகளில் அதே மாதிரி பழுப்பு ஜாடிகள் இருந்தன. மூன்றும் ரங்கூனிலிருந்து நடந்து வந்தவை. முதல் மாடியில் இருக்கும், அடுக்ககமே மாமா என்று அழைக்கும், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தன் ஜாடியைத் தடவிக்கொண்டே, "நம்மாத்து ஜாடியும் ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்ததாக்கும். எங்க பெரிய தாத்தா மார்ல கட்டிண்டு வந்தார்" என்றாராம். ஜாடியைக் கவிழ்த்தவர் விடவில்லை. யார் யாருக்குச் சொன்னது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். இரண்டு வீடுகள் மாமாவிடம் கேட்டிருந்தன. மாமா, ஒரு மார்கழிக் கச்சேரி இடைவேளையில் காபி குடிக்கும்போது, என் அப்பாவிடம் கேட்டிருந்தார்.

மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சந்தோஷம். "நாலு வீட்ல நாலு பேர் சொன்னா நாலு சாட்சின்னு நெனைச்சேன் சார். நாலு பேரும் ஒருத்தர்கிட்டேர்ந்து எடுத்திருந்தா அது ஒரு சாட்சிதான். ஓலைச்சுவடி பாக்கறவங்க இப்படித்தான் கணக்கு வெப்பாங்க. ஒண்ணுலேர்ந்து பாத்து எழுதின நாப்பது சுவடியும் ஒண்ணுதான். உங்க வீட்டுக் கதை நல்லாப் பரவுது!"

பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அது என் ஊகம்.

இந்தப் பழக்கத்தை அவர் வேலை நேரத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அடுக்ககத்தில் அவருக்கு நல்ல பெயர் இருந்திருக்கும். உங்களுக்கு எந்த ஊர் என்று சுமதி கேட்டபோது, "திருவாரூர்னு அப்பா சொல்வார்" என்றார். பிறந்த மாதம் கேட்டால், "ஆனின்னு அம்மா சொன்னாங்க. சர்ட்டிபிகேட்ல வேற மாதிரி இருக்கு." மழை வருமா மேடம் என்று காவலாளி கன்னியப்பன் கேட்டால், அண்ணாந்து பார்த்து, "வானம் கறுத்திருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கன்னியப்பனுக்கு அது பெரிய குறை. "ஒரு வார்த்த வரும்னு சொல்லிட்டுப் போனா இன்னா கொறஞ்சிடும்? வர்லேன்னா நான் இன்னா கேஸா போடப்போறேன்?" என்பார்.

நான் அப்போது அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். ஒருநாள் மோட்டாரை யாரோ நிறுத்த மறந்து, மொட்டை மாடித் தொட்டி வழிந்து, லிஃப்டுக்குள் தண்ணீர் போய்விட்டது. கூட்டம் போட்டோம். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள்தான் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். நான் அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். அவர் கையைத் தூக்கினார்.

"யாரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை.

"அவாளத் தவிர வேற யாரு பண்ணுவா?" என்றார் மாமா.

"அது கேள்வி சார். பதில் இல்ல."

இருபது நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு, குறிப்பில் மிஞ்சியது ஒரே வாக்கியம்: 'தண்ணீர் வழிந்தது.' அதைத் திரும்பப் படித்துப் பார்த்து அவர் திருப்தியாகத் தலையசைத்தார். மாடியேறும்போது மாமா என் காதில், "இவா ஆத்துல சாம்பார்ல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட ரெண்டு சாட்சி கேப்பா போலருக்கே" என்றார். நான் சிரித்தேன். வெகுநேரம் சிரித்தேன் என்பதை இப்போது எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது.

இனி எழுத வேண்டியது ஆடி மாதத்தில் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை. மூன்று வருடமாகிறது.

என் ஒரே மகள் நித்யா அப்போது பொறியியல் இரண்டாம் வருடம். அடையாற்றைத் தாண்டி ஒரு கல்லூரி. காலை எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள், ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். அன்று நந்தனத்தில் என் அலுவலகத்தில் இருக்கும்போது பதினொன்றே முக்காலுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் மகள் பதினோரு நாளாக வகுப்புக்கு வரவில்லை, துறைத் தலைவரைச் சந்திக்கவும் என்று கல்லூரி அனுப்பியிருந்தது. பதினோரு நாளும் அவள் எட்டு மணிக்குக் கிளம்பினாள். பதினோரு நாளும் ஐந்து மணிக்கு வந்தாள். நான் அவளை அழைத்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அடுத்து கன்னியப்பனை அழைத்தேன். என்ன பேசினேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அது பிறகு தெரியவந்தது. ஆழ்வார்பேட்டையில் வேலை பார்க்கும் சுமதிக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பன்னிரண்டரைக்கு அடுக்கக வாசலில் ஒரு சிறு கூட்டம். கன்னியப்பன், எதிர்ச்சாரியில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் முனுசாமி, நாலு வீட்டில் வேலை செய்யும் ராணி, நடுவில் மாமா. ஆட்டோவில் வந்து இறங்கிய சுமதியை ராணி பிடித்துக்கொண்டாள்.

"பதட்டப்படாதே" என்றார் மாமா. "தகவல் கெடச்சாச்சு. ஒரு பையன் பைக்ல வந்து கூட்டிண்டு போயிருக்கான். செவப்பு பைக். ஹெல்மெட் போட்டுண்டு. அடையார் பக்கம் போனதா தெரியறது. மொதல்ல கொழந்தையோட ஃபோட்டோவை குரூப்ல போடு. நம்ம தெருவுல இருக்கறவா, கோயில் குரூப், சபா குரூப், எல்லாத்துலயும் போட்டுடலாம். அரைமணில பிடிச்சுடலாம்."

எனக்கு மூளை வேலை செய்யவில்லை. செயலாளருக்குக் கை மட்டும் வேலை செய்தது. நித்யாவின் படத்தைத் தேடி எடுத்தேன். 'சிவப்பு பைக்கில் ஒரு பையனுடன் சென்றதாகத் தகவல். பார்த்தவர்கள் உடனே' என்று தட்டினேன். அனுப்பும் பொத்தானின் மேல் விரல் இருந்தது. அது போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் மயிலாப்பூர் முழுக்க அவள் முகமும் அந்த பைக்கும் சேர்ந்தே சுற்றியிருக்கும். அவள் திரும்பி வந்த பிறகும் சுற்றியிருக்கும்.

"அனுப்பாதீங்க சார்."

மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தக் கட்டம் போட்ட தாள்களைச் செருகிய அட்டை.

"மேடம், இப்ப வேணாம்" என்றேன். கத்தியிருப்பேன்.

"அஞ்சு நிமிஷம். பைக்கை யாரு பாத்தது?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"நான் பாக்கலை. ராணி சொன்னா" என்றார் மாமா.

"நானாம்மா? எனக்கு இஸ்திரிக்காரரு சொன்னாரு" என்றாள் ராணி.

"எனக்கு வாட்ச்மேன் நைனா சொல்ச்சு" என்றார் முனுசாமி. "தண்ணி குடிக்கப் போனேன். இந்த மாரி, எவனோ பைக்ல கூட்டிக்கினு போயிட்டானாம்னு சொல்ச்சு."

கன்னியப்பன் தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நான் எங்கம்மா பாத்தேன். சார்தான் போன்ல கேட்டாரு. 'பாப்பாவ எவனாவது பைக்ல கூட்டிக்கினு போனானா'ன்னு. பெத்தவரே கேக்குறாருன்னா விஷயம் இல்லாமயா கேப்பாருன்னு..."

சாலையில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி மட்டும் முருங்கைக்காய் விலை சொல்லிக்கொண்டு போயிற்று.

"செவப்பு?" என்று கேட்டார் அவர்.

மாமா தொண்டையைச் செருமினார். "பைக்னா... செவப்புன்னுதானே தோணறது."

இரண்டாவது முறையாக ஒரு கதை எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, ஊரைச் சுற்றி, நிறம் பூசிக்கொண்டு, எனக்கே சாட்சியாக வந்து நின்றிருந்தது. இந்தத் தடவை அவர் சந்தோஷப்படவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கி, நான் தட்டியதை அழித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். பிறகு கன்னியப்பனின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு புதுத் தாளை எடுத்தார். மேலே 'பொருள்' என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு 'நித்யா' என்று எழுதினார்.

"பாத்ததை மட்டும் சொல்லுங்க. காலைல போனதை யாரு பாத்தது?"

"நான் பாத்தேன்மா" என்றார் கன்னியப்பன். "எட்டு பத்து. பை மாட்டிக்கினு போச்சு. தனியா. லெஃப்ட்ல திரும்புச்சு."

பஸ் நிறுத்தம் வலதுபக்கம்.

"தெனமும் லெஃப்ட்டா?"

"இப்ப கொஞ்ச நாளா. கோயிலுக்குப் போய்ட்டு போவுதுன்னு நான் நெனச்சேன்."

"நெனைச்சது வேணாம். என்ன டிரஸ்?"

"நீல சுடிதார்" என்றாள் சுமதி.

"பாத்தீங்களா?"

சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஏழரைக்கே கிளம்பிட்டேன். கொடியில நீலத்தைக் காணோம். அதான்."

ஊகம் என்று எழுதினார். அப்புறம் என் முறை.

"காலேஜ் அவளுக்குப் பிடிச்சிருந்துதா?"

"ரொம்ப. அவளே ஆசைப்பட்டு எடுத்தது மேடம்."

"அவ சொன்னாளா?"

"நாங்கதான்... நான்தான் எல்லார்கிட்டயும் சொல்வேன்."

"கேட்டதுன்னு போடவா, ஊகம்னு போடவா?"

அவர் பேனாவைத் தாளுக்கு மேல் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்.

"ஏதாவது கஷ்டம்னு உங்ககிட்ட சொல்லியிருக்காளா?"

"இல்ல. ஒரு வார்த்தைகூட இல்ல."

"கடைசியா உங்ககிட்ட என்ன பேசினா?"

"சார்ஜர் எங்கேன்னு கேட்டா."

"உங்ககிட்டயே நேர்ல பேசினது, அது கண்டதுல சேரும்" என்று எழுதிக்கொண்டார். குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்தொன்பது வருடம் வளர்த்த பெண்ணைப் பற்றிய தாள் முடிந்தபோது, கண்டது என்ற பக்கத்தில் அப்பா சொன்னதாக ஒரு சார்ஜரும், காவலாளி சொன்னதாக ஒரு இடப்பக்கமும்தான் இருந்தன.

பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு மேலேறி வந்து, செருப்பு அலமாரியைத் திறந்து, நித்யாவின் கான்வாஸ் ஷூவை எடுத்தார். என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கவிழ்த்தார். டார்ச் அடித்தார். வெள்ளை ரப்பர் அடியில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறை.

"மையா?" என்றாள் சுமதி.

பின்னாலேயே படியேறி வந்திருந்த முனுசாமி எட்டிப் பார்த்தார். "மை இல்லம்மா. நாகப்பழம். பாப்பாவோட சுடிதார் பேண்ட்லகூட கீழ ஓரத்துல இருந்துச்சு. போன வாரம் ரெண்டு தபா. துணியில பட்டா லேசுல போவாது அது."

அவர் சட்டென்று திரும்பினார். "நீங்க பாத்தீங்களா?"

"இன்னாம்மா நீ! என் கையால தேச்சேன்."

அன்று முழுக்க அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே வெளிச்சம் அதுதான். 'கண்டது' என்று எழுதி அடிக்கோடிட்டார். நாங்கள் துவைத்துக் காயப்போட்டு மடித்துக் கொடுத்த துணியில் இருந்த விஷயம் தெருவில் இஸ்திரி போடுபவருக்குத் தெரிந்திருந்தது.

"இங்க நாகப்பழ மரம் எங்க இருக்கு?"

"கல்யாண மண்டபத்துக்குப் பின்னால ஒண்ணு" என்றாள் ராணி. "இன்னொண்ணு அந்த கவர்மெண்ட் லைப்ரரி கொல்லையில கீது. கீழ பூரா கொட்டிக் கெடக்கும், கால் வெக்க முடியாது."

"ஊகம்தான் சார்" என்றார் என்னிடம். "உறுதி இல்ல. ரெண்டும் நடக்கற தூரம்தான்."

நித்யா திரும்பி வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று சுமதி இருந்துகொண்டாள். நானும் அவரும் நடந்தோம். மண்டபத்துக்குப் பின்னால் மரம் இருந்தது, ஒரு நாய் படுத்திருந்தது, வேறு யாரும் இல்லை. அங்கிருந்து நூலகத்துக்குப் பத்து நிமிடம். நான் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபோது அவர் எனக்கு வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

பக்கத்து வழியாகக் கொல்லைக்குப் போனேன். மரத்தடி சிமெண்டு பெஞ்சில், பத்திரிகை படிக்கும் இரண்டு பெரியவர்களுக்குப் பக்கத்தில், நித்யா உட்கார்ந்து சுமதி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் சுடிதார். நீலம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, நூலகத்தின் வேலை நேரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். எதையும் நேரில் பார்க்க வேண்டும் என்பவர், அன்று பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்.

"அப்பா" என்றாள் நித்யா. வாயில் சாதம் இருந்தது. எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தில் பயத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவதற்காகத் தயார் செய்திருந்த வார்த்தைகள் எல்லாம் சிவப்பு பைக்கோடு போய்விட்டிருந்தன.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன்பா."

"எப்ப?"

"மே மாசம். பீச்சுல. என்னால முடியலப்பா, கிளாஸ்ல உக்காந்தா மூச்சு முட்டுதுன்னு சொன்னேன். எல்லாருக்கும் மொத வருஷம் அப்படித்தான் இருக்கும்னீங்க. சுண்டல் வாங்கிக் குடுத்தீங்க."

சுண்டல் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மாங்காய் துருவிப் போட்டிருந்தான். கடைக்காரனின் பச்சை விளக்கு கூட நினைவிருந்தது. அவள் சொன்னது மட்டும் இல்லை.

அன்று நூலகம் மதியம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவள் பாதி சாதத்தை எனக்குத் தந்தாள். திரும்பி வரும்போது கேட்டில் அவர் இல்லை.

மறுநாள் காலை கதவுக்கு அடியில் அந்தத் தாள் கிடந்தது. பிரதி எடுத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் ஒரு வரி எழுதியிருந்தார். 'ஏதாவது கஷ்டம் என்று சொல்லியிருக்கிறாளா' என்ற கட்டத்தில் நான் சொன்ன 'இல்லை' இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'தந்தை கூற்று. உறுதி செய்யப்படவில்லை.'

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை. நித்யாவைப் படியில் பார்த்தால் குட்மார்னிங் சொல்வார், அவ்வளவுதான். அறிவுரை சொல்லவில்லை, புத்தகம் தரவில்லை. சங்கக் கூட்டத்தில் முன்போலவே எல்லோர் உயிரையும் வாங்கினார். தை மாதத்தில் வீட்டைக் காலி செய்தார். ஜப்பானுக்குப் போய்விட்டார் என்று மாமா சொன்னார். மாமா சொன்னது.

நித்யா அந்தக் கல்லூரியை விட்டு, ஒரு வருடம் வீட்டில் இருந்து, இப்போது வேறு இடத்தில் வேறு ஒன்று படிக்கிறாள். என்ன படிக்கிறாள் என்று கல்யாணங்களில் கேட்பவர்களிடம், அவளையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் குளிக்கப் போகும்போது அவள் செருப்பைத் திருப்பிப் பார்ப்பதை என்னால் விட முடியவில்லை. சுமதிக்குத் தெரியும். நித்யாவுக்கும் தெரிந்திருக்கலாம்.

அவருடைய வலைத்தளம் இப்போது எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. எங்கள் ஜாடி அதில் சுழல்கிறது, அடி தெரியும்படி. கீழே 'குடும்பத்தார் கூற்று' என்ற அந்த வாக்கியம் இரண்டு மொழிகளில் இருக்கிறது. போன மாதம் தி. நகரில் இருக்கும் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனபோது, பேச்சோடு பேச்சாக ஜாடியைப் பற்றிக் கேட்டேன். அப்பாவின் தங்கை அவர்.

"ரங்கூனா?" என்று அத்தை படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தே விட்டார். "உங்கப்பன் வாய்க்கு ஒரு அளவே கெடையாதுடா. அதை நானும் உங்கம்மாவும் மாம்பலம் ஸ்டேஷன் வாசல்ல தள்ளுவண்டிக்காரன்கிட்ட வாங்கினோம். மூடிய கீழ போட்டு ஒடச்சதே நான்தான்."

அன்று சாயங்காலம் வலைத்தளத்தில் இருந்த முகவரிக்கு எழுதினேன். ஜாடி மாம்பலம் ரயில் நிலைய வாசலில் வாங்கப்பட்டது. சொன்னவர் என் அத்தை. வாங்கும்போது உடன் இருந்தவர், ஆகவே கண்டது. முந்தைய தகவலைச் சொன்னவன் நான். நான் எதையும் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. 'மிக்க நன்றி. திருத்திவிட்டேன். பழைய கதையையும் நீக்காமல் கீழே வைத்திருக்கிறேன், அதுவும் ஜாடியோடு வந்ததுதானே. நித்யா எப்படி இருக்கிறாள்?'

'நன்றாக இருக்கிறாள்' என்று தட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, எழுந்துபோய் அவள் அறைக் கதவைத் தட்டினேன்.